‘50 யூரோதான் ஆகும்’ என்று ஆரம்பித்த ஒரு டூர்

வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் படிக்கப் போறதுக்காகச் சம்பளத்துல சேர்த்துட்டு இருக்கீங்களா? இல்ல, தம்பியையோ தங்கச்சியையோ அனுப்பிட்டு மாசாமாசம் இங்கிருந்து லோனைப் பார்த்துட்டு இருக்கீங்களா? ரெண்டுல எதுவா இருந்தாலும் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஜெர்மனி செலவு பற்றிப் போட்ட வீடியோவுல ஃபீஸ், வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சொல்லிட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லல. சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்தது.

2023 அக்டோபர்ல நான் மியூனிக் போய் இறங்கினேன். ஜெர்மனிக்கு ஸ்டூடண்ட் விசா வேணும்னா ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டுக் காட்டணும். அங்க போனதும் அதுலிருந்து மாசத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைத்தான் எடுக்க முடியும். எனக்கு அது 934 யூரோ. (2024 செப்டம்பர்லேர்ந்து 992 யூரோ, வருஷத்துக்கு 11,904.) அன்றைய மதிப்புல யூரோவுக்கு 90 ரூபாய்னு வெச்சா 84,000 ரூபாய். சென்னையில இருந்து பார்த்தா பெரிய சம்பளம் மாதிரிதான் இருக்கும். ஆனா வாடகை 430, ஹெல்த் இன்சூரன்ஸ் 120, சாப்பாட்டுச் சாமான் 170, ரயில் பாஸ் 49, போன், சில்லறைன்னு போனா கையில மிச்சம் 130 யூரோ. அதுக்குள்ளதான் குளிருக்கு ஷூ வாங்கணும், முடி வெட்டணும்.

அடுத்த மே மாசம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்தது. “ஞாயிற்றுக்கிழமை நொய்ஷ்வான்ஸ்டைன் போலாமா? 50 யூரோதான் ஆகும்.” பவேரியாவை ஆண்ட இரண்டாம் லுட்விக் ராஜா 1869-ல் கட்ட ஆரம்பிச்ச மலைக்கோட்டை அது. காலண்டர்லயும் ஜிக்சா பஸில் அட்டையிலயும் வரும் வெள்ளைக் கோட்டைன்னா உங்களுக்கே ஞாபகம் வந்துடும். ராஜா அதை முழுசா முடிக்காமலே 1886-ல் இறந்துட்டார். அவர் போய் ஏழே வாரத்துல டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட ஆரம்பிச்சாங்க. கடன் வாங்கிக் கடன் வாங்கிக் கோட்டை கட்டின மனுஷர் அவர். லோன்ல படிக்கப் போன நாங்க முதல் டூருக்கு அதையே தேர்ந்தெடுத்தது தற்செயல்தான்.

குரூப்ல ஏழு பேர். ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க. ஏழாவது ஆள் என் ரூம்மேட், தேனிப் பக்கத்துப் பையன். சனிக்கிழமை ராத்திரி, “காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குடா, நீங்க போயிட்டு வாங்க”ன்னான். சரின்னு விட்டுட்டோம்.

இப்போ காசு எங்க போச்சுன்னு பார்ப்போம்.

முதல் ஓட்டை, ரயில். ஜெர்மனியில டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒரு மாதச் சீட்டு இருக்கு. அப்போ 49 யூரோ, இப்போ 63. வேக ரயில் தவிர, நாடு முழுக்க உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் அதுலேயே போகலாம். எங்கள்ல மூணு பேர்கிட்ட அது இருந்தது. மத்த மூணு பேருக்கு பயர்ன் டிக்கெட் எடுத்தோம். பவேரியா மாநிலத்துக்குள்ள ஒரே டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் நாள் முழுக்கப் போகலாம். வார நாள்ல காலை 9 மணிக்கு மேலதான் செல்லும், சனி ஞாயிறுல அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அருமையான ஏற்பாடு, குறையே சொல்ல மாட்டேன். ஆனா கணக்கு வெச்சுக்கிட்ட நண்பன் ஸ்பிளிட்வைஸ் ஆப்ல அதையும் ஆறாப் பிரிச்சுட்டான். பாஸுக்கு ஏற்கெனவே காசு கட்டின நானும் இன்னொரு 8 யூரோ கட்டினேன். கேட்கலாமேன்னு தோணுச்சு. கேட்கல.

ரெண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில ஞாயிறுன்னா சூப்பர் மார்க்கெட் கிடையாது, பெரிய ஸ்டேஷன்ல இருக்கிற சில கடைகளைத் தவிர. முந்தின நாளே ரொட்டி, பழம், தண்ணி வாங்கி வெச்சிருக்கணும். யாரும் வாங்கல. ஆக ஸ்டேஷன்ல காபி, ஸ்டேஷன்ல சாண்ட்விச், சுற்றுலா ஊர்ல தண்ணி பாட்டில். டாய்லெட்டுக்கும் காசு. ஒவ்வொண்ணும் சின்னதுதான், அதனாலதான் எதுவும் கண்ல படல.

ஃபூசென்னு ஒரு சின்ன ஊர். மியூனிக்லேர்ந்து ரெண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ்ல கோட்டை அடிவாரம். எங்களுக்கு உள்ளே போக மதியம் 1.25-க்கு நேரம் கொடுத்திருந்தாங்க. டிக்கெட்டும் புக்கிங் கட்டணமும் சேர்த்துத் தலைக்கு 20 யூரோ சொச்சம். 11.30-க்கே வந்துட்டோமே, சாப்பிட்டுட்டு மேல ஏறலாம்னு ஒருத்தர் சொன்னாங்க. எல்லாரும் தலையாட்டினோம்.

நான் சாப்பிட்டது உருளைக்கிழங்கு சூப்பும் ஒரு ரொட்டியும். 9 யூரோ. மத்தவங்க பீர், ஷ்னிட்செல், இனிப்புன்னு போனாங்க, அது அவங்க இஷ்டம். பில் கொண்டு வந்த அம்மா, “சுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?”னு கேட்டாங்க. ஒண்ணாவா, தனித்தனியாவான்னு அர்த்தம். அந்த ஊர்ல இது சாதாரணக் கேள்வி. அறுபது வயசுத் தம்பதி கூடத் தனித்தனியா கட்டுறதை நான் பார்த்திருக்கேன். “கெட்ரென்ட்”னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா 9 யூரோவோட முடிஞ்சிருக்கும். ஆனா நம்ம பசங்க வேகமா “ஒண்ணாவே”ன்னுட்டாங்க. என் பங்கு 24. பீர் குடிக்காதவன் பீருக்குப் பங்கு கட்டுற இந்த விஷயம் ஆபீஸ் டீம் லஞ்ச்ல உங்களுக்கும் நடந்திருக்கும், இல்லையா?

இதுல இன்னொண்ணு. அந்த பில்லை மொத்தமா தேய்ச்ச நண்பன் இந்தியக் கார்டைத் தேய்ச்சான். வெளிநாட்டுச் செலவுக்குப் பல கார்டுகள்ல 2 சதவீதத்துலேர்ந்து 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்அப் பிடிப்பாங்க, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. அந்தக் காசு ஸ்பிளிட்வைஸ்ல வரவே இல்ல. அவன் தலையிலேயே விழுந்தது. எல்லாருக்காகவும் முதல்ல காசு கட்டுற நல்லவனுக்குத்தான் எப்பவும் நஷ்டம்.

சாப்பிட்டு எழுந்தப்ப மணி 12.50. மேல ஏற 40 நிமிஷம். வழியில ஃபோட்டோ வேற. வாசலுக்குப் போனப்ப எங்க நேரம் முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. அங்க நேரம் தாண்டினா டிக்கெட் செல்லாது, தெளிவா எழுதியே இருக்கு. அன்னைக்கு வேற டிக்கெட்டும் இல்ல. ஆறு பேர் காசும் போச்சு. ஆறு பேரும் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு வந்தோம்.

பக்கத்துல மாரியன்ப்ரூக்கேன்னு ஒரு பாலம். பள்ளத்தாக்குக்குக் குறுக்க, கீழே அருவி, எதிர்ல முழுக் கோட்டை. உலகம் முழுக்கச் சுத்துற அந்த ஃபோட்டோ அங்கிருந்து எடுக்கிறதுதான். அதுக்குக் கட்டணமே கிடையாது. அரை மணி நேரம் பேசாம நின்னோம். இன்னைக்கும் அந்த நாள்ல எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அதுதான். அதனால “டூரே வேஸ்ட்”னு நான் சொல்ல மாட்டேன். தம்பி ஃபோட்டோ போட்டா “படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா”ன்னு கேட்கிற அண்ணனா நீங்க இருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு கேட்காதீங்க. ஜனவரியில நாலரை மணிக்கே இருட்டிடும் ஊர்ல தனியா ரூம்ல உட்கார்ந்து பாருங்க, தெரியும்.

ராத்திரி ரயில்ல போன்ல கூட்டிப் பார்த்தேன். 88 யூரோ. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. அதாவது ஏழு மணி நேரம் நின்னுக்கிட்டே பாத்திரம் கழுவின காசு. நான் பார்ட் டைம்ல அதைத்தான் செஞ்சேன்.

அதுவே லோன் பணமா இருந்தா? 88 யூரோவைச் சுமாரா 8,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 10 சதவீத வட்டி. படிப்பும் அதுக்கப்புறம் கொடுக்கிற அவகாசமும் சேர்த்து ரெண்டரை வருஷம், தனிவட்டி 2,000. EMI ஆரம்பிக்கும்போது அது 10,000 ஆயிடும். பத்து வருஷம் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 15,850. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. அதனால ஊர் சுத்துற காசு பார்ட் டைம் சம்பளத்துலேர்ந்து வரட்டும், லோன்லேர்ந்து வர வேண்டாம். (கேட்கிறவங்களுக்காக: தம்பியோட லோனை நீங்க கட்டினா உங்களுக்கு வரிக்கழிவு கிடையாது. தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு எடுத்த லோனோட வட்டிக்குத்தான் கிடைக்கும், நாம சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கும். அதுவும் பழைய வரிமுறையில மட்டும்.)

ரூமுக்குப் போனா, ‘காய்ச்சல்’காரன் ரசம் வெச்சுச் சோறு வடிச்சு வெச்சிருந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்தது. அப்பவும் எனக்கு உறைக்கல.

டிசம்பர்லதான் சொன்னான். பிளாக்டு அக்கவுண்ட்ல காட்டின பணத்துல பாதிக்கு மேல அவன் அப்பா வெளியில வட்டிக்கு வாங்கினது. மாசம் வர்ற 934-ல் 300 யூரோவை வட்டிக்காக ஊருக்கே திருப்பி அனுப்பிட்டு இருந்தான். வாடகையும் இன்சூரன்சும் போக 84 யூரோவுல சாப்பிட்டு, பஸ் ஏறி, அதே ரூம்ல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தான்.

“எல்லாரும் உடனே சரின்னு சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும் காசு இல்லைன்னு எப்படிடா சொல்றது?”

உண்மை என்னன்னா, அந்த ஆறு பேர்ல நானும் மிச்சமிருந்த 130-ஐ வெச்சுக்கிட்டுத்தான் கட்டைவிரலைத் தூக்கினேன். அப்புறம் விசாரிச்சா, இன்னும் ரெண்டு பேரும் அப்படித்தான். ஏழு பேர்ல நாலு பேருக்கு அந்த டூர் கட்டுப்படியாகல. நாலு பேரும் வாயைத் திறக்கல. 50-ன்னு சொன்னவன் மேலயும் தப்பில்ல. அவன் ரயிலையும் டிக்கெட்டையும் மட்டும் கணக்குப் போட்டிருந்தான். சாப்பாட்டுக்கு எவ்வளவுன்னு யாரும் அவன்கிட்ட கேட்கல.

மார்ச்ல மறுபடி டூர் பேச்சு வந்தது. ஒருத்தர் ப்ராக்னார், இன்னொருத்தர் சால்ஸ்பர்க். அப்போ என் ரூம்மேட் முதல் ஆளா டைப் பண்ணினான்: “என் லிமிட் 30 யூரோ, சாப்பாட்டோட சேர்த்து. அதுக்குள்ள எங்க போலாம்?”

ரெண்டு நிமிஷம் குரூப்ல சத்தமே இல்ல. அப்புறம் ஒருத்தி, “நானும் அவ்வளவுதான்.” அடுத்து இன்னொருத்தன். அடுத்து நான். ப்ராக் கேட்டவங்க ரெண்டு பேர் தனியா ப்ராக் போனாங்க, ஒரு மனஸ்தாபமும் இல்ல.

நாங்க அஞ்சு பேர், ஒரே பயர்ன் டிக்கெட், ரேகன்ஸ்பர்க். இந்தத் தடவை பாஸ் இருந்தவங்க டிக்கெட்டுக்குப் பங்கு கட்டலன்னு முதல்லயே பேசிட்டோம். டானூப் ஆத்துமேல 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம், யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற பழைய ஊர், தேவாலயம். நாள் முழுக்க நடந்தோம். எதுக்கும் நுழைவுச் சீட்டு வாங்கல. பாலத்துக்குக் கீழே ஆத்தோரமா உட்கார்ந்து புளியோதரை. முந்தின ராத்திரி ரூம்மேட்தான் கிளறினான். அவன் கையால புளிக்காய்ச்சல் செஞ்சா வேற ஊர்க்காரங்களும் விரலை நக்குவாங்க.

சனிக்கிழமைங்கறதால கடை திறந்திருந்தது. குடிச்ச தண்ணி பாட்டில் எட்டையும் அவன் கட்டைப்பையில சேர்த்து வெச்சிருந்தான். ஸ்டேஷன் பக்கத்து சூப்பர் மார்க்கெட் மெஷின்ல ஒவ்வொண்ணா போட்டான். பாட்டிலுக்கு 25 சென்ட், மொத்தம் 2 யூரோ. அதுக்கு பிரெட்சல் வாங்கிட்டு வந்து ரயில்ல அஞ்சு பேருக்கும் பிச்சுக் கொடுத்தான். “இதை ஸ்பிளிட்வைஸ்ல போட்டுடாதீங்கடா”ன்னான்.