படகுல குடிதண்ணி எப்படி வருது?

படூர்ல எங்க அபார்ட்மென்ட்டுக்கு இன்னிக்கும் டேங்கர் லாரி லேட். இத்தனைக்கும் பக்கத்துல நெம்மேலியில 2013-லேர்ந்து கடல்தண்ணியைக் குடிநீராக்குறாங்க. அந்த ஆலையோட திறன் நாளைக்கு 10 கோடி லிட்டர். அதையே ஒரு பாய்மரப் படகுல, பேட்டரியை வெச்சு செய்யணும்னா?

2024 அக்டோபர்ல கோவாவிலிருந்து ரெண்டு கடற்படை அதிகாரிகள், தில்னாவும் புதுச்சேரி ரூபாவும், 56 அடி 'தாரிணி'யில கிளம்பி எட்டு மாசத்துல உலகத்தைச் சுத்தி வந்தாங்க. இந்த மாதிரிப் பயணத்துல அடுத்த துறைமுகம் வர வாரக்கணக்கா ஆகும். தொட்டித் தண்ணியை மட்டும் நம்ப முடியாது.

கடல்நீர்ல லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நடுவுல ஒரு சவ்வு வெச்சா, நல்ல தண்ணி தானாவே உப்புப் பக்கம்தான் போகும். அதைத் திருப்ப, சுமார் 27 பார் இழுப்பை மீறி அழுத்தணும். நடைமுறையில 55 பார். பைக் டயர் காத்தைவிட 25 மடங்கு! பத்து லிட்டர் உள்ளே போனா ஒண்ணுதான் குடிநீர். மீதி ஒன்பதும் அழுத்தத்தோட வெளியே போகுது. அந்த அழுத்தத்தைப் பிடிச்சு பம்புக்கே திருப்பிக் கொடுக்குறதுதான் எனக்குப் பிடிச்ச இன்ஜினீயரிங். அப்போ லிட்டருக்கு சுமார் 4 வாட்-ஹவர் போதும். ரெண்டு பேருக்கு 20 லிட்டர்னா, ஒரு பெரிய லேப்டாப் பேட்டரி அளவு.

சொதப்புறது கழுவும்போதுதான். குளோரின் கலந்த குழாய்த்தண்ணியை நேரா விட்டா சவ்வு காலி. கார்பன் ஃபில்டர் வழியா விடணும். துறைமுகத்துக்குள்ள ஓட்டவே கூடாது, டீசல் படலம் பட்டாலும் அதே கதி.

மெஷினே நின்னுட்டா? கையால அடிக்கிற குட்டி பம்ப் இருக்கு. ஒரு மணி நேரம் விடாம அடிச்சா, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா கிடைக்கும்.