எக்ஸ்ரேக்கு அஞ்சுகிறோம், காய்ச்சலுக்கு அஞ்சுவதில்லை

2010 பெப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழகம், 1985க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்த ஓர் ஆய்வுக் கருவியை ஏலத்தில் விற்றது. அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது உடைத்தவர்களுக்குத் தெரியாது. சில வாரங்களில் பலர் நோயுற்றார்கள்; ஏப்ரல் முடிவதற்குள் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இப்படிப்பட்ட ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால், தோலின் காயத்தைப் பார்ப்பதோடு மருத்துவர்கள் நிற்பதில்லை. சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து லிம்போசைட் என்னும் வெண்கலங்களை எண்ணுவார்கள். அவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதை வைத்தே உடலுக்குள் எவ்வளவு கதிர்வீச்சு இறங்கியது என்று கணக்கிடுவார்கள். நம் நோயெதிர்ப்புப் படையே கதிர்வீச்சை அளக்கும் கருவியாகிவிடுகிறது. அந்தப் படை அவ்வளவு மென்மையானது.

காரணத்தை அறிந்துகொண்டால் பயத்தை எங்கே வைப்பது என்பதும் தெளிவாகும். அடிக்கடி பிரிந்து பெருகும் கலங்களையே கதிர்வீச்சு அதிகம் தாக்கும் என்று 1906இலேயே பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் சொன்னார்கள். இரவு பகல் ஓயாமல் இரத்தக் கலங்களை உற்பத்தி செய்யும் என்பு மச்சை அதற்கு முதல் பலி. லிம்போசைட்டோ இந்த விதிக்கு அடங்காது. அது பிரியாமல் சும்மா இருக்கும்போதே, மரபணு இழை அறுந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆகவே 1 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவுக்கு மேல் உடல் முழுதும் பட்டால் இரண்டு நாளுக்குள் லிம்போசைட் எண்ணிக்கை சரியத் தொடங்கும். பக்டீரியாவை விழுங்கும் நியூட்ரோபில் இரத்தத்தில் ஒரு நாளளவுதான் வாழும். மச்சையிலிருந்து புதியது வராததால் அடுத்த சில வாரங்களில் அதுவும் தீர்ந்துபோகும். கதிர்வீச்சு பட்டவரை அந்த நாட்களில் கொல்வது பெரும்பாலும் சாதாரணத் தொற்றும் இரத்தப்போக்குமே. எல்லாக் கலமும் ஒரே விதமாகச் சாவதில்லை. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் டி-கலங்கள் ஓரளவு தாங்கும். புதிய கிருமியை எதிர்கொள்ளக் காத்திருக்கும் இளம் டி-கலங்கள் தாங்குவது அரிது. அவற்றைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கிவிடுவதால், போனவற்றை முதுமையில் ஈடுசெய்வதும் கடினம். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் சோதித்தபோதும், பட்ட அளவுக்கேற்ப இளம் டி-கலங்கள் குறைந்தும் அழற்சியின் அடையாளங்கள் கூடியும் இருந்தன.

அப்படியானால் எக்ஸ்ரேயையே மறுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் கிழக்கிலங்கையில் நம் கல்முனைக் கரையோர ஊர்களில் உண்டு. அந்த முடிவு தவறு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று தருவது, உடற்பாதிப்பைக் கணக்கிடும் அலகான மில்லிசீவர்ட்டில், 0.1க்கும் குறைவு. மண்ணும் காற்றும் வானமும் உணவும் ஒரு மனிதருக்கு ஆண்டொன்றுக்குத் தருவதே உலக சராசரியில் ஏறத்தாழ 2.4. வெண்கலங்களைச் சரிக்கும் அளவு இவற்றைப்போல் பல நூறு மடங்கு. காசநோயைக் கண்டுபிடிக்கும் படத்தைத் தவிர்ப்பவர், இல்லாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தை வீட்டில் வைத்துக்கொள்கிறார். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்களின் 'மெடிக்கல்' படத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் படம் எடுக்குமுன் பெண்களிடம் கர்ப்பமா என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அவர்களே சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீ.டி. ஸ்கேன் வேறு கதை. வயிற்றுக்கான ஒரு ஸ்கேன் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில், குழந்தைகளுக்கு இயல்பாகவே பெரிதாக இருக்கும் தைமஸை நோயென்று தவறாக எண்ணிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் கூடியது. 2012இல் பிரித்தானிய ஆய்வொன்று, சிறுவயதில் பல ஸ்கேன்கள் சேர்ந்து மச்சைக்கு 50 மில்லிகிரே அளவு போய்ச் சேர்ந்தால் வெண்குருதிப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகலாம் என்றது. அதே ஆய்வு, பத்தாயிரம் பிள்ளைகளின் தலை ஸ்கேனுக்கு முதல் பத்தாண்டில் கூடுவது ஏறத்தாழ ஒரு வெண்குருதிப் புற்றுநோயாளி என்றும் கணக்கிட்டது. விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைக்கு ஸ்கேன் உயிர் காக்கும், தயங்கக் கூடாது. பழைய படத்தைத் தொலைத்துவிட்டதற்காக மறுபடி எடுப்பதுதான் அநியாயம். நோயாளிக்குச் சட்டம் உச்சவரம்பு எதையும் வைப்பதில்லை, தேவையே அளவுகோல். எனவே இது ஏன் தேவை, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதாதா, முன்பு எடுத்த படம் உதவாதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல. ஒவ்வொரு படத்தையும் அறிக்கையையும் திகதியோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். அரச வைத்தியசாலையில் எடுத்தது கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருக்கும் எந்த நிலையத்துக்கும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி, அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்வதும், இல்லையென்றால் பேரவைக்கு எழுதுவதும் எவருக்கும் உரியது. அங்கே தினமும் நிற்கும் ஊழியருக்கு இது இன்னும் முக்கியம். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பதே தொழிலாளருக்கான சர்வதேச வரம்பு. மார்பில் குத்தும் கதிர்வீச்சு அளவிப் பட்டை தராத முதலாளி அந்த வரம்பை அளக்க வழியே இல்லாமல் செய்கிறார். பழைய இரும்பு வாங்குவோர், கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம் பொறித்த கருவியையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியையோ கண்டால் திறக்காமல் விலகி நின்று பொலிசுக்குச் சொல்ல வேண்டும்.

நம் பகுதியில் இந்த விடயத்தின் கூர்மையான முனை கதிர்ச் சிகிச்சை பெறுவோரிடம்தான் இருக்கிறது என்பது என் துணிபு. புற்றுநோய்க்காக மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ போய்வருபவர்களுக்குப் படும் அளவு எக்ஸ்ரேயைப்போல் பல இலட்சம் மடங்கு. அது ஓரிடத்தில் மட்டும் பட்டாலும், அவ்வழியே ஓடும் இரத்தத்தின் லிம்போசைட்டுகள் குறையும். இடுப்பெலும்பில் பட்டால் மச்சையும் தளரும். மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தால் இன்னும் மோசம். எதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சை எதற்கு என்று சிலர் பாதியில் நிறுத்துகிறார்கள். பெரும்பாலோருக்கு எண்ணிக்கை நாளடைவில் தேறும். நிறுத்திய சிகிச்சையால் வளர்ந்த கட்டி தேறாது. மகரகமவில் சிங்களத்தில் சொன்னது விளங்காவிட்டால் தமிழில் கேட்கும் உரிமை உண்டு, தமிழும் அரசகரும மொழியே. கேட்க வேண்டியவை இவை: என் வெண்கல எண்ணிக்கை என்ன, அடுத்த சோதனை எப்போது, எந்தத் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த இரவே கல்முனை வைத்தியசாலைக்கு, சிகிச்சை அட்டையைக் கையிலெடுத்துக்கொண்டு, நான் கதிர்ச் சிகிச்சையில் இருக்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.