ஊர் பேர் சட்டையில், ஆட்டம் டிவியில்!

குறுவட்டப் போட்டியில் நம்ம பள்ளி யாரோடு மோதும்? பக்கத்துப் பள்ளிகளோடுதான். பல்கலைக்கழகங்களுக்கும் இதே முறைதான். நம்ம பாரதிதாசன் பல்கலைக்கழகம் தென்மண்டலத்தில் ஆடும். அதாவது, யாரோடு யார் ஆடுவது என்பதைத் தூரம் முடிவு செய்கிறது. பஸ் செலவும் குறைவு, படிப்பும் கெடாது.

அமெரிக்காவிலும் முன்பு அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுவாக ஆடின. பிறகு டிவி வந்தது. ஆட்டத்தைக் காட்டும் உரிமைக்கு சேனல்கள் குழுவுக்கு மொத்தமாகப் பணம் தரும். பெரிய நகரத்துக் கல்லூரி குழுவில் இருந்தால் பார்க்கிற வீடுகள் அதிகம். விளம்பரமும் கேபிள் கட்டணமும் அதிகம்.

இதனால்தான் 'பிக் டென்' குழு 2014-ல் நியூயார்க் அருகிலுள்ள ரட்கர்ஸைச் சேர்த்தது. 2024-ல் மறுகோடியில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்தன. இவர்கள் ரட்கர்ஸுக்குப் போய் ஆட சுமார் 4,000 கி.மீ. பறக்கணும்! இவர்கள் விட்டுவந்த 'பேக்-12' குழுவில் அந்த வருஷம் மிஞ்சியவை இரண்டே பல்கலைக்கழகங்கள். பணம் கொண்டுவருவது அமெரிக்கக் கால்பந்து. ஆனால் வாலிபால் ஆடும் மாணவிகளும் வகுப்பை விட்டுவிட்டுப் பறக்க வேண்டியிருக்கிறது.

நம்ம நாட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. 2022-ல் ஐ.பி.எல். அணிகள் 8-லிருந்து 10 ஆயின. ஆட்டங்கள் 60-லிருந்து 74 ஆயின. 2023 முதல் 2027 வரை காட்டும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது!

2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல்.-ல் எட்டு ஊர் அணிகள். ஆனால் அந்த வருஷம் ஆட்டங்கள் நடந்தது சென்னை, நத்தம், திருநெல்வேலி ஆகிய மூன்றே இடங்களில். அப்போது காஞ்சி பேரில் ஆடிய அணிதான் பிறகு திருச்சி அணி ஆனது! 2025-ல் அது 'திருச்சி கிராண்ட் சோழாஸ்'. முற்காலச் சோழர் தலைநகரான உறையூர்க்காரர்களுக்குப் பெருமைதான். ஆனால் டிவிக்கு ஊர் பேர் போதும், மைதானம் எங்கே இருந்தாலும் சரி.

டிவி கெட்டது என்று சொல்லவில்லை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016-ல் டி.என்.பி.எல். ஆடி, அடுத்த வருஷமே ஐ.பி.எல். போனார். திறமையை ஊருக்குக் காட்டுவதும் டிவிதான். ஆனால் கேமரா வராத ஆட்டமும் ஆட்டம்தானே? அடுத்த குறுவட்டப் போட்டியில் நம்ம டீம் ஆடும்போது, கைதட்ட நாம இருப்போமா?