மைப்புள்ளி சொன்ன பாடம்

உயர்தர மாணவி ஒருத்தி, கடதாசிக் கீற்றில் கறுப்பு மைப்புள்ளியிட்டு நுனியை நீரில் தோய்த்தாள். நீர் மேலேற, கறுப்பிலிருந்து நீலமும் சிவப்பும் பிரிந்தன. இதுவே நிறப்பகுப்பு.

“பெண்பிள்ளைக்கு இரசாயனம் எதற்கு?” என்றார் தாய். நான் எரிகா கிரேமரின் கதையைச் சொன்னேன்.

1900களின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட், சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இலையின் நிறங்களைப் பிரித்தார். வாயுக்களையும் இவ்வகையில் பிரிக்கலாமென, ஒஸ்ரியாவின் இன்ஸ்புரூக்கில் பணியாற்றிய எரிகா 1944இல் கட்டுரை எழுதினார். குண்டுவீச்சினால் அது அச்சேறவில்லை; 1976இலேயே வெளிவந்தது. ஆயினும் போர் முடிந்ததும் தம் மாணவருடன் கருவியை உருவாக்கிக் காட்டினார்.

சகோதரிகளே, காய்கறியில் தங்கும் பூச்சிகொல்லியை ஆய்வுகூடங்கள் இன்று இம்முறையாலேயே கண்டறிகின்றன.

தாய் பதில் சொல்லவில்லை. அடுத்த கீற்றை அவரே வெட்டிக் கொடுத்தார்.