பாடசாலைக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள படிகள்

"ஓ.எல். சரிவரல்ல, கடையில விட்டாச்சு." கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர் பலர் சொல்லக் கேட்கிறோம். சாதாரண தரத்தோடு பிள்ளையின் படிப்பு முடிந்துவிட்டது என்ற எண்ணமே இதற்குக் காரணம். பாதை அங்கே முடிவதில்லை என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும்.

2017 ஆம் ஆண்டு 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் முதலில் 42 பாடசாலைகளில் ஆரம்பமானது. சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் தரம் 12 இல் தொழிற்பிரிவில் சேரலாம் என்பதே இதன் அடிப்படை. மாணவர் பாடசாலையில் பொதுப் பாடங்களையும் தாம் தெரிவுசெய்த தொழிற்பாடங்களையும் கற்பர். பின்னர் பயிற்சி நிலையத்திலோ வேலைத்தளத்திலோ செய்முறைப் பயிற்சி. முடிவில் அடைய வேண்டியது தேசிய தொழிற்தகைமையின் (என்.வீ.கியூ.) 4 ஆம் மட்டம்.

இந்த மட்டம் என்றால் என்ன? ஏழு படிகள் கொண்ட ஏணி என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கும் சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதனை மேற்பார்வை செய்கிறது. பாடசாலையில் பெற்ற தேர்ச்சியும் கல்லூரி எதிர்பார்க்கும் தேர்ச்சியும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டால், மாணவன் படித்ததையே திரும்பப் படிக்க வேண்டியதில்லை. இரு பக்கத்தையும் இணைப்பது என்பதன் பொருள் இதுதான்.

மருதானையில் 1892 இல் ஸாஹிரா தோன்றியது. அடுத்த வருடம் அதே மருதானையில் அரசாங்கத் தொழினுட்பக் கல்லூரி தோன்றியது. பாடசாலையும் தொழிற்கல்லூரியும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தும், இரண்டுக்கும் பொதுவான இந்த அளவுகோல் வந்தது இந்த நூற்றாண்டில்தான். மேற்படியில் நிற்கும் யுனிவோடெக் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் அமைந்தது. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் காலி வீதியால் போய்விடலாம்.

ஏணி இருந்தும் பிள்ளை நடுவழியில் நின்றுவிடலாம். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் காசு கட்டிச் சேர்கிற பாடநெறி என்.வீ.கியூ. அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், அந்தச் சான்றிதழைக் காட்டி 5 ஆம் மட்டத்துக்கு ஏற முடியாது. ஆகவே சேர்க்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவானதா? நிறுவனம் பதிவாகியிருந்தாலும், இந்தப் பாடநெறிக்குத் தனியாக அங்கீகாரம் உண்டா? செய்முறைப் பயிற்சி எங்கே? தமிழில் படிக்க முடியுமா?

ஏற்கெனவே பட்டறையில் பாஸ் ஒருவரிடம் வேலை பழகிய பிள்ளைக்கும் வாசல் மூடவில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், கைத்திறனைச் செய்துகாட்டியே தகைமை பெறலாம்.

பாடசாலைகளின் பங்கும் உண்டு. பெறுபேறு வந்த பிறகல்ல, தரம் 10 இலேயே தொழிற்பிரிவைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அருகிலுள்ள தொழினுட்பக் கல்லூரிக்கு மாணவரை ஒருநாள் அழைத்துப்போகலாம். "மக்குப் பிள்ளைக்குத்தான் தொழிற்பிரிவு" என்ற பேச்சை ஆசிரியர் ஓய்வறையிலேயே நிறுத்த வேண்டும். ஸகரிய்யா நபி தச்சர் என்று பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுக்கிற சமூகம் கைத்தொழிலை இரண்டாந்தரமாக எண்ணுவது எப்படிப் பொருந்தும்?

கடைக்குப் போவது தவறல்ல. வேறு வழி இருப்பதே தெரியாமல் பிள்ளை போவதுதான் இழப்பு.