இரும்பு உருகும் ஊரில் வெண்ணெய் உருகக் கூடாது!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதே ஊரில் ஒரு வீட்டு அடுப்பங்கரையில் வெண்ணெய் உருக 34 டிகிரி போதும். அக்னி நட்சத்திரத்து மதியத்தில் அதற்கு அடுப்பைப் பற்றவைக்கக்கூட வேண்டியதில்லை. வெண்ணெயைப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மைதாவை அளப்பதற்குள், அது ஓரங்களில் பளபளக்க ஆரம்பித்துவிடும்.

பிறந்தநாள், காதுகுத்து, கிறிஸ்துமஸ் என்று ஆர்டர் கொடுத்து வாங்கும் அலங்காரக் குக்கீகளுக்கு அந்த வெண்ணெய்தான் உயிர். மாவைத் தேய்த்து, நட்சத்திரம், இதயம், எண், எழுத்து என்று அச்சால் வெட்டிச் சுட்டு, ஆறியபின் மேலே வண்ணச் சர்க்கரைப் பூச்சு போடுவதுதான் இந்தக் குக்கீ. நம் ஊர் பேக்கரியில் வெண்ணெய் பிஸ்கட், உப்பு பிஸ்கட், தேங்காய் பிஸ்கட் எல்லாம் பாட்டில் பாட்டிலாக இருக்கும். ஆனால் கேட்ட வடிவத்தில், பெயர் எழுதிய குக்கீ வேண்டுமென்றால் வீட்டில் சுட்டுத் தருபவர்களைத்தான் தேட வேண்டும். ஒரு ஓடிஜி அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு பூரிக்கட்டை இருந்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். எவ்வளவு சுடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒத்துவரும் கணக்கு, ஒரு தடவைக்கு ஒரு டஜன்.

பழகிய மாவுதான்

குக்கீ என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். மைதா, சர்க்கரை, கொஞ்சம் டால்டா சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, கத்தியால் சாய்சதுரமாகக் கீறி எண்ணெயில் பொரிக்கும் கலகலாவை நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாகச் செய்கிறோம்! பொரிப்பதற்குப் பதில் சுட்டால், டால்டாவுக்குப் பதில் வெண்ணெய் போட்டால், கத்திக்குப் பதில் அச்சு வைத்தால் அது கிட்டத்தட்ட சர்க்கரைக் குக்கீதான்.

அச்சு வைத்துப் பலகாரம் செய்வதும் நமக்குப் புதிதில்லை. இங்கே அச்சு முறுக்கு, யாழ்ப்பாணத்தில் அச்சுப் பலகாரம். சிங்களவர்கள் சித்திரைப் புத்தாண்டுக்குப் பொரிக்கும் கொக்கிஸ், டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றது என்று சொல்வார்கள். அந்த டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைமையகம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டில்தான் இருந்தது. 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1825-இல் ஊர் ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. டச்சுக்காரர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. நெதர்லாந்தில் டிசம்பர் முதல் வாரத்தில் வரும் புனித நிக்கோலஸ் விழாவுக்கு, செதுக்கிய மர அச்சில் மாவை அழுத்தி, பட்டையும் கிராம்பும் மணக்க ஸ்பெகுலாஸ் என்ற பிஸ்கட்டைச் சுடுவார்கள். அதன் மணத்துக்குக் காரணமான வாசனைச் சரக்குகளைத் தேடித்தான் டச்சுக் கப்பல்கள் கிழக்கே வந்தன.

இந்திய பேக்கரி வரலாற்றில் முதலில் சொல்லப்படுவது தலச்சேரி. மாம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கே பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கி, 1883-இல் கிறிஸ்துமஸ் கேக்கும் சுட்டார். சென்னை வேப்பேரியில் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885-இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்து விறகு அடுப்பின் இடத்தை இன்று மேஜை மேல் வைக்கும் 28 லிட்டர் ஓடிஜி பிடித்திருக்கிறது.

ஒரே மாவட்டம், இரண்டு வானிலை

1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூருக்கு இரண்டு முகம் உண்டு. மேற்கே திருத்தணிப் பக்கம் காய்ந்த வெயில். மே மாதத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவான ஊர்கள் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வரும், 40 டிகிரியைத் தாண்டும். கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அது. அந்தப் பக்கத்தில் சூடு கொஞ்சம் குறைந்தாலும் காற்றில் ஈரம் பிசுபிசுக்கும்.

மேற்கில் இருப்பவருக்கு எதிரி சூடு. வெண்ணெய் இளகினால் மாவு கட்டையில் ஒட்டும், அச்சிலிருந்து எடுக்கும்போது நட்சத்திரத்தின் முனை நீளும், அடுப்பில் வைத்ததும் வடிவம் பரந்துவிடும். கிழக்கில் இருப்பவருக்கு எதிரி ஈரம். மேல்பூச்சு காயாது. காய்வதற்குள் சிவப்பு நிறம் வெள்ளைக்குள் கசிந்துவிடும். மொறுமொறுவென்று சுட்ட குக்கீ ராத்திரியில் நமத்துப்போகும். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிவதோ வடகிழக்குப் பருவமழை நேரத்தில். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இந்த மாவட்டத்தையே தண்ணீரில் மிதக்க விட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான்: கொஞ்சமாகச் செய்வது. ஒரு டஜனுக்கான மாவு ஃப்ரிட்ஜின் ஒரு தட்டில் அடங்கும், இளகுவதற்குள் வெட்டி முடித்துவிடலாம். ஒரு டஜன் குக்கீயை உலர்த்த மேஜையின் ஒரு மூலையும் ஒரு மின்விசிறியும் போதும்.

ஒரு டஜன் குக்கீக்கு…

உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், மைதா 120 கிராம், சோள மாவு 10 கிராம், ஒரு மேசைக்கரண்டி பால், கால் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் அந்தச் சிட்டிகையை விட்டுவிடுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். அது மாவை உப்ப வைத்து ஓரங்களின் கூர்மையைக் கெடுக்கும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒன்றாகக் கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல நுரைக்க அடித்தால் காற்று புகுந்து, சுடும்போது குக்கீ பரவும். மைதாவையும் சோள மாவையும் சலித்துச் சேர்த்து, பாலைத் தெளித்து, கை சூடு ஏறாமல் சட்டென்று திரட்டுங்கள்.

பலர் மாவை உருண்டையாக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, கல் மாதிரி ஆனதும் தேய்க்க முடியாமல் வெளியே வைத்துக் காத்திருப்பார்கள். நம் வெயிலில் அந்த இடைவெளியில் மேல்பக்கம் இளகி, நடுப்பக்கம் இறுகியே கிடக்கும். மாறாக, மாவு மெத்தென்று இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிடுங்கள். தடிமன் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கட்டும். அதைத் தட்டோடு 40 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்து மேல் தாளை ஒருமுறை உரித்துத் திரும்பப் போட்டு, புரட்டி, அடுத்த தாளையும் உரித்துவிட்டு அச்சை நேராக அழுத்துங்கள். திருகக் கூடாது. வெட்டிய துண்டுகளை ட்ரேயில் அடுக்கி ஃப்ரீசரில் 10 நிமிடம் வைத்து, நேராக அடுப்புக்குள் தள்ளுங்கள். ஆறு சென்டிமீட்டர் அச்சு என்றால் 12 அல்லது 13 வரும்.

அடுப்பை 170 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கியிருக்க வேண்டும். நடுத்தட்டில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்போதே எடுத்துவிடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

கத்தி கீறிய கோடு

மேல்பூச்சுக்கு 150 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி மெரிங்கு பவுடர் (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி), இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். ஐசிங் சர்க்கரையை வீட்டிலேயே செய்வதானால், 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி சோள மாவு சேர்த்து மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ளுங்கள். ஒரு குருணை தங்கினாலும் பூச்சைப் பிழியும் கோனின் நுனி அடைத்துக்கொள்ளும். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் கிருமி அபாயம் உண்டு என்பதால் மெரிங்கு பவுடரே பாதுகாப்பு.

பூச்சு இரண்டு பதத்தில் வேண்டும். ஓரம் கட்டுவதற்கு, கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்கும் பதம். உள்ளே நிரப்புவதற்கு, துளித்துளியாகத் தண்ணீர் விட்டு இளக்கிய பதம். நிரப்பும் பூச்சின் மேல் கத்தியால் ஒரு கோடு கீறிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து, பன்னிரண்டு எண்ணும்போது கோடு மறைய வேண்டும். ஐந்திலேயே மறைந்தால் ஓரத்தைத் தாண்டி வழியும். இருபது ஆனாலும் மறையாவிட்டால் பரப்பு மேடும் பள்ளமுமாகும். நிரப்பியபின் ஊசி நுனியால் குமிழ்களை உடைத்துவிடுங்கள்.

விசிறிக் காற்றில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பூச்சு காயும். மழைக்காலத்தில் ஏசி ஓடும் அறை இருந்தால் உத்தமம். அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து நிறமெல்லாம் கலங்கிவிடும். காய்ந்தபின் காற்றுப்புகாத டப்பாவில் அடுக்குங்கள். மின்சார ரயிலில் எடுத்துப்போவதானால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர் அவசியம்.

வோல்டேஜ் செய்யும் வேலை

அதே அளவு, அதே நேரம், ஆனால் நேற்றுச் சரியாக வந்த குக்கீ இன்று வெளுத்துப்போய் இருக்கிறதே என்று குழம்புபவர்கள் சுவிட்ச் போர்டைப் பார்க்க வேண்டும். அடுப்புக் கம்பி தரும் சூடு, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வோல்ட்தான் வந்தால், சூடு முக்கால் பங்காகக் குறைந்துவிடும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் முன்னிரவைவிட அதிகாலை சுடுவதற்கு ஏற்ற நேரம். அப்போது வெண்ணெயும் சொன்ன பேச்சுக் கேட்கும். அடுப்புக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் சந்தேகமே இல்லை.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1,500 வாட் ஓடிஜி அரை மணி நேரம் முழுவீச்சில் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான்.

நிறத்தில் விளையாட்டு வேண்டாம்

ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. துணிக்குப் போடும் சாயம் குழந்தைகள் வாய்க்குள் போன கதை அது. அலங்காரக் குக்கீயை அதிகம் சாப்பிடுவதும் குழந்தைகள்தான். உணவில் சேர்க்க நம் சட்டம் அனுமதிக்கும் செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றுக்கும் பண்டத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. உரிம எண்ணும் நிறத்தின் பெயரும் அச்சிடாத புட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் என்றால் மஞ்சள்தூளும் பீட்ரூட் பொடியுமே இரண்டு அழகான நிறங்களைத் தந்துவிடும்.

மெரிங்கு பவுடரும் முட்டைதான். அதைச் சேர்த்த குக்கீயைப் பொட்டலம் கட்டி விற்றால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும். சைவ ஆர்டருக்கு ஐசிங் சர்க்கரையில் பாலும் கொஞ்சம் லிக்விட் குளுக்கோஸும் சேர்த்துப் பூசலாம். பளபளப்பாக வரும், காய மட்டும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஆயுத பூஜைக்கு ஒரு ஸ்பேனர்

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு வாய்ப்பு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, காக்களூர், தேர்வாய்கண்டிகை என்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஊர்களில் ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எல்லோருக்கும் பொரி, கடலை, இனிப்புப் பொட்டலம் கொடுப்பார்கள். ஸ்பேனர், பல்சக்கரம், ஹெல்மெட் வடிவத்தில் பொட்டலத்துக்கு ஒரு குக்கீ இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? பணி ஓய்வு பெறுபவருக்கு அவர் ஓட்டிய இயந்திரத்தின் வடிவத்திலேயே ஒரு டஜன் கொடுக்கலாம். அச்சு கிடைக்காவிட்டால், தடித்த அட்டையில் படத்தை வெட்டி மாவின் மேல் வைத்து, கூர்க்கத்தியால் சுற்றிலும் கீறி எடுத்தால் ஆயிற்று.

“அக்கா, நாளைக்கே நூறு பீஸ் வேணும்” என்று ஆர்டர் வரும்போது மட்டும் நிதானம் வேண்டும். நூறு என்றால் எட்டு, ஒன்பது ட்ரே. அதைச் சுடுவது ஒரு நாள் வேலை, பூசி உலர்த்துவது அடுத்த நாள் வேலை. நாள் தர முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். விலை சொல்லும்போது வெண்ணெய், சர்க்கரை விலையோடு உங்கள் மணிக்கணக்கான உழைப்பையும் சேருங்கள். வீட்டில் சுடுபவர்களில் பலர் நஷ்டப்படுவது அதை விட்டுவிடுவதால்தான்.

விற்கத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். 2011 விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு தொழிலுக்கு வைத்த பதிவுக் கட்டணம், ஆண்டுக்கு 100 ரூபாய். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முதல் டஜனை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்துக் குறைகளைக் கேளுங்கள். இரண்டாவது டஜனுக்குள் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.