கறையோட இஸ்திரி போடாதீங்க: கிட்டாருக்கு ஈக்யூவும் கம்ப்ரஸரும்

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.]

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். ராக் கிட்டாருக்கு ஈக்யூ முதல்லயா, கம்ப்ரஸர் முதல்லயா? ஒரே வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அப்படி ஒரு ஒருவரிப் பதிலை நம்பித்தான் நான் ஒரு பாட்டைக் கெடுத்தேன். அதனால கெடுத்த கதையையே சொல்றேன்.

என் ரூம் வண்ணாரப்பேட்டையில, எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல, மாடியில இருக்கு. பத்தடிக்குப் பத்தடி. சுவர் பூரா துணிக்கடை வேஸ்ட் துணியை மூட்டை கட்டி அடுக்கி வெச்சிருக்கேன். தீபாவளி சீசன்ல அங்க மைக்கை ஆன் பண்ணவே முடியாது. மத்த நாள்ல சமாளிக்கலாம்.

ஏரியா பசங்க நாலு பேர் ஒரு பாட்டோட வந்தாங்க. அவங்க கூட்டாளி ஒருத்தன் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. நினைவு நாள் அன்னிக்கு அவன் வீட்டுத் தெருவுல போடணும். மரண கானா நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. ஆனா இதுல டிஸ்டார்ஷன் கிட்டார் கண்டிப்பா வேணும்னாங்க, ஏன்னா அந்தப் பையன் கிட்டார்தான் வாசிச்சிட்டிருந்தான். சட்டி, கட்ட மோளம், பேஸ், ரெண்டு கிட்டார், ஒரு குரல். சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில நிக்கும்னு நிறைய பேருக்குக் காட்டினது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. அதைப் பார்த்துட்டு கிட்டார் வாங்கின பசங்க இவங்க.

மிக்ஸ் பண்ணேன். ஹெட்போன்ல பிரமாதமா இருந்துச்சு. ரெண்டு கிட்டாரும் இடம் ஒண்ணு, வலம் ஒண்ணு. நடுவுல குரல். நினைவு நாளுக்கு முந்தின சாயங்காலம் சவுண்ட் சர்வீஸ்காரர் கூம்பு ஸ்பீக்கரும் ரெண்டு பாக்ஸும் கட்டிட்டு, டெஸ்டுக்காக பாட்டைப் போட்டார். அந்தப் பையனோட அம்மா வாசல்ல உக்காந்து முழுசா கேட்டாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்குப்பா. என் புள்ள பேரு எங்க வருது?"ன்னாங்க.

பேரு கோரஸ்ல நாலு தடவை வருது. நாலு தடவையும் கிட்டார் முழுங்கிடுச்சு.

அந்த ராத்திரி ரூமுக்கு வந்து ப்ராஜெக்டைத் திறந்தேன். முதல்ல ஏன் தெருவுல மட்டும் கேக்கலன்னு பார்த்தேன். அந்த செட்டு மோனோ. இடம், வலம் எல்லாம் கலந்து ஒரே வழியா வருது. இதுல ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு: மோனோவுல கிட்டார் சத்தம் கூடிடும்னு நினைக்கிறோம். உண்மையில, ஓரத்துல வெச்ச சத்தம் மோனோவுல நடுவுல இருக்கிறதை விடக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். போறது இடம். ஹெட்போன்ல குரல் ஒரு திசையிலயும் கிட்டார் வேற திசையிலயும் இருந்ததால காது தனித்தனியா பிரிச்சுக்கிச்சு. தெருவுல ரெண்டும் ஒரே வாய்ல வருது. அதுவும் கூம்பு ஸ்பீக்கர்ல பேஸ் கிடையாது. அது கத்துறதே 1000 ஹெர்ட்ஸ்ல இருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். சொல் புரியறதுக்கு வேண்டிய வல்லின மெய்கள் இருக்கிற இடமும் அதுதான். அந்தப் பையன் பேர்ல ஒரு 'ச்', ஒரு 'த்'. ரெண்டும் காலி.

சரி, கிட்டார் ஏன் அந்த இடத்தை முழுசா அடைச்சுக்கிச்சு? இங்கதான் நம்ம கேள்வி வருது.

நான் பண்ணினது இது. கிட்டார் ட்ராக்ல முதல்ல கம்ப்ரஸர். ரேஷியோ எட்டுக்கு ஒண்ணு, அட்டாக் ரொம்ப வேகம், ஊசி எட்டு டெசிபல் இறங்குது. அதுக்கு அப்புறம் ஈக்யூ. "கனமா இருக்கணும்"னு நினைச்சேன்.

கம்ப்ரஸருக்குக் கண்ணு கிடையாது மக்களே. எந்த சத்தம் அதிகமோ அதைப் பார்த்து மொத்தத்தையும் அமுக்கும். என் ரூம் பத்தடி. அந்த நீளத்துக்கு 56 ஹெர்ட்ஸும், அதோட இரட்டிப்பு 112-ம் ரூமுக்குள்ளயே முட்டி மோதிப் பெருகும். துணி மூட்டை மேல் சத்தத்தை உறிஞ்சும், இதை ஒண்ணும் பண்ணாது. பாட்டோட ரிஃப், ஏ ஸ்ட்ரிங்ல பாம் மியூட். திறந்த ஏ ஸ்ட்ரிங் 110 ஹெர்ட்ஸ். கணக்கு புரியுதா? ஒவ்வொரு பாம் மியூட்டுக்கும் 110-ல ஒரு 'தும்' வீங்குது, கம்ப்ரஸர் அதைப் பார்த்து மொத்த கிட்டாரையும் அமுக்குது. உடனே நான் என்ன பண்ணேன்? சத்தம் குறைஞ்சுடுச்சேன்னு மேக்கப் கெயினைத் தூக்கினேன். இப்போ 'தும்' இல்லாத இடத்துல, அதாவது நோட்டு இழுக்கிற இடத்துல, டிஸ்டார்ஷனோட அந்த 'ஷ்ஷ்' எட்டு டெசிபல் மேல வந்து உக்காந்துக்கிச்சு. கோரஸ் பூரா இழுக்கிற கார்டுதான். குரலுக்கு இடமே இல்ல. அப்புறம் கடைசியில ஈக்யூல 110-ஐ வெட்டி என்ன பிரயோஜனம்? கெட்டது கெட்டதுதான். கம்ப்ரஸர் அதைக் கேட்டு முடிச்சாச்சு.

நம்ம பேட்டைக்குப் பேர் வந்ததே துணி வெளுக்கிற தொழில்ல இருந்து. எங்க தெரு இஸ்திரி அண்ணன் கறையோட சட்டை கொடுத்தா வாங்கவே மாட்டார். சூடு பட்டா கறை நூலுக்குள்ள இறங்கி உக்காந்துக்கும்பார். கறையெடுக்கிறது ஈக்யூ. இஸ்திரி கம்ப்ரஸர்.

[ஒலி: கோரஸ் கிட்டார் மட்டும், முதல் மிக்ஸில்]

இதுல இன்னொண்ணையும் கவனிங்க. டிஸ்டார்ஷன் கிட்டார் ஏற்கெனவே கம்ப்ரஸ் ஆனதுதான். ஆம்ப்ளிஃபயரை முறுக்கும்போது அலையோட உச்சி வெட்டுப்படுது. மெதுவா அடிச்சாலும் பலமா அடிச்சாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும். அதுக்கு மேல எட்டு டெசிபல் அமுக்குறது இஸ்திரி போட்ட சட்டைக்கு மறுபடி இஸ்திரி. க்ளீன் கிட்டார் கதை வேற, அதுக்கு அப்புறம் வரேன்.

ராத்திரி பண்ணின வேலை இவ்வளவுதான். முதல் ஈக்யூ, வெட்டுறதுக்கு மட்டும்: 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ மொத்தமா ஃபில்டர், அது பேஸுக்கும் கட்ட மோளத்துக்கும் உள்ள இடம். 250 பக்கத்துல மூணு டெசிபல் குறைச்சேன். 110-ஐ மட்டும் நிரந்தரமா வெட்டல. வெட்டினா ரிஃப் சோகை பிடிச்ச மாதிரி ஆயிடும். அங்க மல்ட்டிபேண்ட் கம்ப்ரஸர் போட்டு, 90-ல இருந்து 200 வரைக்கும் உள்ள பட்டையை மட்டும், 'தும்' வரும்போது மட்டும், நாலு டெசிபல் அமுக்கச் சொன்னேன். மெட்டல் மிக்ஸ் பண்றவங்களுக்கு இது பழைய வித்தை. யோசிச்சுப் பார்த்தா அது ஈக்யூவும் கம்ப்ரஸரும் ஒரே பெட்டியில சேர்ந்ததுதான்.

அதுக்கு அப்புறம் சாதா கம்ப்ரஸர். மூணுக்கு ஒண்ணு, அட்டாக் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100. ஊசி ரெண்டு டெசிபலுக்கு மேல இறங்கக் கூடாது. அட்டாக் ஏன் மெதுவா? பிக் ஸ்ட்ரிங்ல படுற அந்த 'டக்' தப்பிச்சு வெளிய வரணும். 1967-ல பில் புட்னம் கொண்டுவந்த 1176 கம்ப்ரஸரோட அட்டாக், மெதுவா வெச்சாலே 800 மைக்ரோசெகண்ட். ஒரு மில்லிசெகண்டுகூட இல்ல. குரலுக்கும் க்ளீன் கிட்டாருக்கும் அது தங்கம். ஆனா அதோட ப்ளக்கின்ல முள் நடுவுல இருக்குன்னு "மிதமான அட்டாக்"னு நினைச்சு ரிஃபுல போட்டீங்கன்னா பிக் சத்தம் மழுங்கிப்போகும். நானும் முதல்ல அதைத்தான் போட்டிருந்தேன்.

கடைசியா ரெண்டாவது ஈக்யூ, இடம் விடுறதுக்கு. 3000 ஹெர்ட்ஸ்ல அகலமா ஒரு பள்ளம், குரல் வரும்போது மட்டும் மூணு டெசிபல் இறங்குற மாதிரி டைனமிக் ஈக்யூவைக் குரலோட கட்டிவிட்டேன். 8000-க்கு மேல கிட்டாருக்குத் தேவையே இல்ல. அங்க சட்டி பேசட்டும்னு வெட்டிட்டேன்.

இப்போ க்ளீன் கிட்டார். சரணத்துல ஒரு ஆர்பெஜியோ வருது. அதுல ஒரு நோட்டு துள்ளும், அடுத்தது பதுங்கும். இங்க கம்ப்ரஸருக்கு உண்மையிலேயே வேலை இருக்கு. நாலுக்கு ஒண்ணு, அஞ்சு டெசிபல் தாராளமா. அமுக்கினதுல பளிச்சுன்னு இருந்தது கொஞ்சம் மங்கும், அதனால கம்ப்ரஸருக்கு அப்புறம் 5000-ல ரெண்டு டெசிபல் ஏத்தினேன். இதே ரெண்டு டெசிபலை முன்னாடி ஏத்தியிருந்தா, கம்ப்ரஸர் அதையே பார்த்து அமுக்கியிருக்கும். நான் ஒரு கையால கொடுக்க, அது இன்னொரு கையால பிடுங்கும். "வெட்டுறது முன்னாடி, ஏத்துறது பின்னாடி"ன்னு சொல்றது இதனாலதான். ஆனா வேணும்னே முன்னாடி ஏத்தி, கம்ப்ரஸரை அந்த இடத்துல கடிக்க விடுறவங்களும் இருக்காங்க. தப்பில்ல, காது சொன்னா சரி.

ஒரு எச்சரிக்கை. கம்ப்ரஸரை ஆன், ஆஃப் பண்ணிப் பார்க்கும்போது ரெண்டு அளவையும் சமமா வெச்சுப் பாருங்க. சத்தமா இருக்கிறது எப்பவும் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். முதல் மிக்ஸுல என்னை ஏமாத்தினதே அதுதான்.

[ஒலி: கோரஸ், இரண்டாவது மிக்ஸில், மோனோவாக]

விடிகாலை நாலு மணிக்கு மோனோவாக்கி, போன் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். பேரு கேட்டுச்சு. கிட்டார் கொஞ்சம் ஒல்லியா இருந்துச்சு, அதைத் தனியா கேட்டா வாசிச்ச பசங்களே சண்டைக்கு வருவாங்க. தனியா யாரும் கேக்கப் போறதில்லன்னு விட்டுட்டேன்.

காலையில தெருவுல போட்டாங்க. முதல் கோரஸ் வந்ததும் அந்த அம்மா எழுந்து ஸ்பீக்கர்கிட்டப் போய் நின்னாங்க. பாட்டு முடிஞ்சதும், இன்னொருவாட்டி போடுப்பான்னாங்க. சவுண்ட் சர்வீஸ்காரர் போட்டுட்டு என்கிட்ட வந்து, "தம்பி, நேத்து போட்டதுல நல்லா தும்முனு இருந்துச்சே, ஏன் மாத்துன?"ன்னார்.

அடுத்த எபிசோடுல கட்ட மோளமும் பேஸ் கிட்டாரும். பார்ப்போம்.